கார்பன், மூணு கிலோ நூறு

காந்தத்தை நம்பி ஒருதரம்
நானூறு ரூபாய் விட்டிருக்கிறேன்.
அதற்கு இரும்பைத் தெரியும்,
நிக்கலைக் கொஞ்சம் தெரியும்.
பித்தளை அண்டா பக்கத்திலேயே நின்றாலும்
யாரோ எவரோ என்று இருந்துவிடும்.

அதனால் என் மேசையில்
ஒரு சுத்தியல், ஒரு அரம்,
ரெண்டு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ரெண்டு முழம் ஒயர்.
தட்டிக் கணீரென்றால் உலோகம்.
அடித்து அகலமானால் உலோகம்.
அரம் பட்ட இடம் விடிந்தால் உலோகம்.
பொடியானால், ஊமையானால்,
பல்பை இருட்டிலேயே விட்டால்
அந்தப் பக்கக் கோணி.

காரைக்குடி, கழனிவாசல் ரோடு,
சிக்கந்தர் பாய் பழைய இரும்புக் கடை.
இடிக்கிற வீடுகள் துண்டு துண்டாய் வந்து
தராசில் ஏறும் இடம்.
ஜன்னல் கம்பி, கதவுக் குமிழ்,
பீங்கானென்று தூக்கினால்
உள்ளே இரும்பாய்க் கனக்கும் இனாமல் தூக்கு,
வெள்ளியென்று சண்டை பிடித்துக் கொண்டுவரும்
ஜெர்மன் சில்வர்.
அதில் சில்வர் கிடையாது.
ஜெர்மனிக்கும் நான் பொறுப்பில்லை.

ஆடிக் காற்று மண்ணை வாரிக்கொண்டிருந்த மத்தியானம்
கல்லலில் பஸ் ஏறி
மரியபுஷ்பம் என்றொரு அம்மாள் வந்தாள்.
உரச்சாக்கில் கட்டுக் கட்டாய்
சுண்டுவிரல் தடிமனில் செப்புக் குச்சிகள்.
செம்பு இன்னைக்கு என்ன போகுது
என்று கேட்டபடியே உட்கார்ந்தாள்.

தூக்கினேன். கை ஏமாந்தது.
செம்புக்கு இந்த லேசு வராது.
அரத்தால் ஒரே இழுப்பு:
தாள் கனத்தில் செம்பு,
அதற்குக் கீழே அடுப்பின் நிறம்.
வளைத்தேன், வளைய மனமில்லை.
லேசாகத்தான் தட்டினேன்,
முறுக்கு மாதிரி ரெண்டானது.

"கரிம்மா இது," என்றார் பாய்,
கல்லாவைவிட்டு எழாமல்.

"கரி இல்ல. கார்பன்."

டூரிங் டாக்கீஸ் மெஷினுக்குள்
ரெண்டு குச்சியை மூக்கோடு மூக்கு முட்டவிட்டு
நெல்லளவு பிரிப்பாராம் அவள் புருஷன்.
அந்த இடைவெளியில் ஒரு வெளிச்சம் நிற்குமாம்.
அதுதான் போய்த் திரையில் அழும், சண்டை போடும்,
மழையில் நனையும்.
"கறுப்புக் கண்ணாடி போடாம அதையே பாத்து
இப்ப சோத்துத் தட்டு எங்கன்னு தடவுறாரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு துண்டின் செம்புத் தோலை
முழுசாய் உரித்தேன்.
கறுப்பின் இந்த முனையில் ஒரு ஒயர்,
அந்த முனையில் ஒரு ஒயர்.

பல்பு எரிந்தது.
கொஞ்சம் மங்கல். ஆனாலும் எரிந்தது.

கணீர் இல்லை, தகடாக வராது, பளபளப்பு இரவல்,
இருந்தும் மின்சாரம் இதைத் தன் சொந்தமென்று நினைத்து
உள்ளே நடந்து போகிறது.
பேட்டரியின் நடுக்குச்சி, பென்சிலின் உயிர்,
எல்லாம் இந்த ஜாதிதான் என்று
அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.
பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, மூன்று அரியர்.
கடையில் இருப்பதோ ரெண்டே கோணி.

அம்மாள் பல்பையே பார்த்திருந்தாள்.
"எரியுதுல்ல? அப்ப செம்பு ரேட்டுத் தரணும்ல?"

பாய் சிரிக்கத்தான் போகிறாரென்று நினைத்தேன்.
எண்ணி வைத்தார், அலுமினிய ரேட்டுக்கு.
அது எந்தக் கணக்கென்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது சாக்கில் கைவிட்டு
ரெண்டு குச்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.
ஒன்று போதாதா என்றேன்.
"ஒத்தைல எரியாது தம்பி."

எடையைக் குறிக்கப் பேனா தேடினேன்.
மை காய்ந்திருந்தது.
உடைந்த துண்டாலேயே
சுண்ணாம்புச் சுவரில் எழுதினேன்:
கார்பன், மூணு கிலோ நூறு.

வாசல் வெயில் சாய்ந்து உள்ளே வந்தபோது
அந்த எழுத்து
லேசாய் மினுங்கியது,
ஈயம் மாதிரி.